கை நனைக்கும் முன்

"கை நனைச்சுட்டமுன்னா அப்புறம் நம்ம பேச்சு..." என்றுதான் அருமைக்காரர் நாச்சிமுத்து ஆரம்பித்தார். அதுவரைக்கும் செங்கோட்டுவேலுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அதற்குப் பிறகு என்ன சொன்னார் என்பதுதான் வர மாட்டேன் என்கிறது. இப்போது அவன் உரிக்கிற பட்டாணித் தோலின் முதுகில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினால் டப்பென்று ஒரு சின்னச் சத்தம், உள்ளே ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பச்சை மணிகள். பாத்திரத்தில் விழும்போது முதல் மணிக்கு மட்டும் பாத்திரத்தின் சத்தம், பிறகு விழுகிறவற்றுக்குப் பட்டாணி மேல் பட்டாணி விழுகிற மழுங்கின சத்தம். "அப்புறம் நம்ம பேச்சு நம்ம கையில இல்லீங்" என்றாரா, "அப்புறம் நம்ம பேச்சுக்கு வேலையில்லீங்" என்றாரா? இரண்டும் ஒன்றுதானே என்று விட்டுவிடலாம், ஆனால் ஒன்றில்லை. முதலாவது என்றால் ஜாக்கிரதை என்கிறார். இரண்டாவது என்றால், அப்பாடா, பேசி முடிந்தது, இனிச் சாப்பிடலாம் என்கிறார். வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசுகிற மனுஷர், எந்த வாக்கியமும் பின்பாதி வெற்றிலைக்குள் போய்விடும். ஊரில் யார் வீட்டுக் கல்யாணச் சீரும் அவர் முன்னால் நிற்காமல் நடக்காது. அன்றைக்கும் அவர்தான் முன்னால், பின்னால் அப்பா, பெரிய மாமா, கடைசியில் இவன். கோபி டவுனுக்குப் பக்கத்தில் வாய்க்காலை ஒட்டி ஒரு வீடு, அக்கா கோகிலவாணிக்கு மாப்பிள்ளை பார்க்கப் போயிருந்தார்கள். சம்மதம் என்று வாய்விட்டுச் சொல்கிற வரைக்கும் அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது, அதாவது சாப்பிடக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம், காப்பி குடிக்கலாம். சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம், அதன்பிறகு வேண்டாம் என்றால் அது பகையாகிப் போகும். இதையெல்லாம் பஸ்ஸில் வரும்போதே அருமைக்காரர் சொல்லிக்கொண்டு வந்தார், அந்த வாக்கியமும் அப்போது சொன்னதுதான், ஜன்னல் காற்றில் பாதி போயிற்றோ என்னவோ. இவனுக்குப் பதினாறு வயது. பதினாறு வயதில் எந்த நேரமும் பசி. பெரியவர்கள் மழையைப் பற்றியும் மஞ்சள் விலையைப் பற்றியும் பேசிப் பேசி விஷயத்துக்கு வராமலேயே இருந்தார்கள், இவன் கொல்லைப்பக்கம் போனான், அங்கே ஒரு அம்மாள் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். "சாப்புடு சாமி, சூடா இருக்குது" என்று தட்டில் வைத்துக் கொடுத்தாள். வாங்கித் தின்றுவிட்டான். ஒன்றிரண்டு இல்லை, தட்டு காலியாகக் காலியாக அவள் போட்டுக்கொண்டேயிருந்தாள். பிறகு அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய், "பொண்ணோட தம்பி கை நனைச்சாச்சுங்க" என்றாள். பிறகு அருமைக்காரர் சிரித்தார், அப்பா சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள், இலை போடச் சொல்லிவிட்டார்கள்.

அது முன்னாலேயே முடிவான விஷயமா, பணியாரத்தால் முடிவானதா? இத்தனை வருஷமாய் யாரையும் கேட்காமல் விட்டது இப்போது ஏன் இப்படிக் குடைகிறது என்றால், காரணம் எதிரே மேஜையில் கிடக்கிறது: காரட் பிஞ்சு, நூல் எடுக்கத் தேவையில்லாத இளம் பீன்ஸ், விரல் நீளத்தில் வெள்ளரி மாதிரி சுக்கினி, வெங்காயத்தாள், மலைப்பூண்டு, ஒரு எலுமிச்சை, பிரிக்காத பாஸ்தாக் கட்டு. மதியம் இங்கே கோத்தகிரிக்குத் தமயந்தி வருகிறாள், இவனுக்குப் பேசிக்கொண்டிருக்கிற பெண், அவளுடைய பெரியப்பாவும் வருகிறார். சாப்பிட. சாப்பிட என்று சொல்லித்தான் கூப்பிட்டான், அதுதான் தப்பாகப் போயிற்று, அல்லது தப்பாகப் போகவில்லை, அதுவும் தெரியவில்லை. இத்தாலியில், தூரினோவில் இருந்த பத்தொன்பது வருஷத்தில் ஒருவரை வீட்டுக்கு அழைப்பதென்றால் சாப்பிட வாங்க என்பதுதான். எதிர்வீட்டுக்காரர், கூட வேலை செய்கிறவர், குழாய் ரிப்பேருக்கு வந்த ஆள், யாராயிருந்தாலும். சாப்பிட்டார்கள், பேசினார்கள், போனார்கள், யாரும் யாருக்கும் சம்பந்தியாகவில்லை. அந்தப் பழக்கம் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. புதன்கிழமை சாயங்காலம் ஃபோனில் தமயந்தி, "நீங்களே சமைச்சுக்குவீங்களா? என்ன சமைப்பீங்க?" என்று கேட்டாள், சொன்னான். "பட்டாணியும் போட்டு, நூடுல்ஸும் போட்டு, ரெண்டும் குழையாம எப்படி?" என்று கேட்டாள், நிஜமாகவே தெரிந்துகொள்கிறவள் கேட்கிற குரலில். அந்தக் குரல்தான் அவனைத் தள்ளிவிட்டது. "ஞாயித்துக்கிழமை வாங்களேன், சாப்பிட்டுப் பாக்கலாம்" என்றான். அந்தப் பக்கம் சத்தமில்லை. அவள் வீட்டில் குக்கர் ஒரு விசில் அடித்தது. இன்னொன்று. பிறகு, "சரி, வர்றேன். பெரியப்பாவையும் கூட்டிட்டு வர்றேன்" என்றாள். அந்த இரண்டு விசிலுக்கு நடுவில் என்ன நடந்தது? யோசித்தாளா, விசில் எண்ணினாளா? பருப்பு வேகிற வீட்டில் ஒரு பெண் பேசாமல் நின்றால் அதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வது? அவள் வடக்கே பிலாயில் பிறந்து வளர்ந்தவள், அப்பாவுக்கு அங்கே உருக்காலையில் வேலை. கை நனைக்கிற சமாச்சாரமெல்லாம் அவள் காதில் விழுந்திருக்குமா? விழாமல் வருகிறாள் என்றால் வெறும் சாப்பாட்டுக்கு வருகிறாள். விழுந்தும் வருகிறாள் என்றால்... பட்டாணியிலிருந்து ஒரு புழு தலையை நீட்டியது, பச்சைக்குள் பச்சையாக, அவன் அதைத் தோலோடு ஜன்னலுக்கு வெளியே போட்டான்.

காலையில் அக்கா ஃபோன் செய்தாள். ஞாயிறு காலையில் செய்வது வழக்கம்தான். "என்றா தம்பி பண்ணீட்டிருக்கற?" பட்டாணி உரிக்கப் போகிறேன், தமயந்தியும் அவர் பெரியப்பாவும் சாப்பிட வருகிறார்கள் என்றான். "சாப்புடவா? நீ சாப்புட வாங்கன்னு கூப்புட்டயா?" "ஆமாக்கா." "அட கேனையா!" என்றாள் அக்கா, பிறகு ஃபோனை விலக்கி வைத்துக்கொண்டு மாமாவிடம், "ஏனுங், இவன் என்ன பண்ணி வெச்சிருக்கறான் பாருங்க" என்றாள், பிறகு திரும்ப வந்தாள். "அந்தப் பனியில இருந்து இருந்து உனக்கு மண்டையே உறைஞ்சு போச்சாடா? அந்தப் புள்ளைய நாங்க இன்னும் கண்ணுல பாக்குல. உங்க மாமன் பாக்குல. நீ பாட்டுக்குச் சோத்தப் போட்டு அனுப்பீருவியா?" "சோறில்லைக்கா, பாஸ்தா." "என்ன கெரகமோ, வாயில போட்டு முழுங்கறதுதான?" அவனுக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை. "இங்க பாரு. காப்பியக் குடு. ரெண்டு பிஸ்கட்டு வை. பிஸ்கட்டு கணக்குல வராது." "எதெல்லாம் அக்கா கணக்குல வரும்?" என்று கேட்டான், கேலியாக இல்லை, தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. "வேக வெச்சதெல்லாம் வரும்." "காப்பியும் கொதிக்க வெக்கறதுதான?" "அது தண்ணிடா." "வெறும் பச்சைக் காயா நறுக்கி வெச்சா?" அக்கா நிஜமாகவே யோசித்தாள், மூச்சுச் சத்தம் கேட்டது. "உப்புப் போடுவியா?" "போடுவேன்." "அப்ப வரும்." எவ்வளவு தெளிவான சட்டம், எந்தப் புத்தகத்திலும் இல்லை, அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? எல்லை உப்பில் இருக்கிறது. "அந்தப் புள்ளைக்கு இதெல்லாந் தெரியுமா?" "தெரியலக்கா." "பெரியப்பன் வர்றானல்ல, அவனுக்குத் தெரியாம இருக்குமா? தெரிஞ்சே வர்றாங்கன்னா சம்மதமுன்னுதான அர்த்தம்? நீ போட்டீன்னா உனக்குஞ் சம்மதம். அப்புறம் நாங்க என்னத்துக்கு, மொய் எழுதறதுக்கா?" பிறகு, எப்போதும் சொல்கிறதைச் சொன்னாள்: "நீ தின்ன பணியாரத்துக்கு நான் இத்தன வருசமாச் சமைச்சுக் கொட்டீட்டிருக்கறேன். இனி நீ வேற ஆரம்பிச்சுட்டயா?" அக்கா இதைச் சொல்லாத தீபாவளி கிடையாது, எல்லோரும் சிரிப்பார்கள், மாமாவும் சிரிப்பார். அப்போதுதான் கேட்டான், "அருமைக்காரர் அன்னைக்கு என்னமோ சொன்னாரேக்கா, கை நனைச்சா அப்புறம் நம்ம பேச்சு என்னமோன்னு, அது என்ன?" "எனக்கெப்படிரா தெரியும்? நான் ஊட்டுல இருந்தேன். பொண்ண எங்க கூட்டீட்டுப் போனீங்க?" என்றாள் அக்கா, சாதாரணமாக, மழை வருமா அங்கே என்று கேட்கிற மாதிரி. அதன்பிறகு மழை வருமா என்றும் கேட்டாள்.

அக்கா அங்கே இல்லை. அவளைப் பற்றிய விஷயம், இவன் வாயில் பணியாரமாய்ப் போயிற்று, அவள் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்திருப்பாள்? அன்றைக்கு அவள் பட்டு உடுத்தியிருந்தாளா, இல்லையா? இவ்வளவு நாள் அந்தக் காட்சியில் அவள் ஒரு மூலையில் நிற்பதாகவே அவன் மனசு போட்டு வைத்திருந்திருக்கிறது, பட்டுப்புடவையோடு, நிலைப்படியில் சாய்ந்து. இல்லாத ஆளை நிற்க வைத்த மனசு, சொன்ன வார்த்தையை மட்டும் அப்படியே வைத்திருக்குமா என்ன? மாமா நல்ல மனுஷர்தான். அக்கா சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். அதெல்லாம் இல்லை விஷயம். காரட்டைச் சீவினான். தோல் சீவத் தேவையில்லை, பிஞ்சு, தண்ணீரில் தேய்த்தாலே போதும், இருந்தாலும் கை சீவிக்கொண்டிருந்தது. சந்தையில் இவற்றுக்கு இங்கிலீஷ் காய் என்று பெயர். காரட், பீன்ஸ், பட்டாணி எல்லாம் இங்கிலீஷ் காய். கத்தரி, வெண்டை, அவரை நாட்டுக்காய். கோத்தகிரி மண்ணில் விளைந்து, கோத்தகிரி மழையைக் குடித்து, எத்தனையோ தலைமுறை ஆகியும் பட்டாணி இன்னும் இங்கிலீஷ்தான். அவன் திரும்பி வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, கடைக்காரர் "இத்தாலிக்காரரே" என்கிறார், நியாயம்தான். தூரினோவில் இதே காய்கள் வரும்போது ஊரே மாறிப்போகும். நவம்பரிலிருந்து முட்டைக்கோசும் கிழங்கும் பூசணியும், சாம்பல் நிறத்தில் வானம், ஒரு நாள் சந்தையில் திடீரென்று பச்சை: பட்டாணி, மொச்சை, இளம் வெங்காயம். வசந்தம் என்றால் அங்கே அர்த்தம் இருந்தது. வாயில் தெரிந்தது. இங்கே பட்டாணி எப்போது இல்லை? உறைபனி விழுகிற தை மாதம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அப்படியானால் இன்றைக்குச் சமைப்பது வசந்தகாலச் சமையலா, சும்மா சமையலா? பங்குனி முடியப் போகிறது, கீழே மேட்டுப்பாளையத்தில் வெயில் கொளுத்தும், இங்கே மத்தியானத்துக்குமேல் மேகம் இறங்கி ஒரு மழை பெய்யும், மழை நின்றதும் மண்ணிலிருந்து ஆவி எழும். இலவம்பஞ்சு வெடித்திருக்கிறது அடிவாரத்தில். இதுவும் இளவேனில்தானே, பெயர் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் ஆறு பருவத்தையும் ஒப்பித்திருக்கிறான். பத்தாவது வரை தமிழில் படித்ததையெல்லாம் பதினொன்றில் இங்கிலீஷில் திரும்பப் படித்தபோது எத்தனையோ விஷயம் இரண்டாக ஆனது, ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டாக. ஸ்பிரிங் என்று எழுதினால் பனி உருகியது, இளவேனில் என்று எழுதினால் வேம்பு பூத்தது. ஒரு பட்டாணியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். பச்சையாக, உப்பில்லாமல். இனித்தது. கணக்கில் வராது.

பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்தான். இந்தச் சமையலில் ஒரே ஒரு இடம்தான் சிக்கல், மற்றதெல்லாம் சுலபம். எண்ணெயில் பூண்டைப் பொன்னிறமாகாமல் வாசனை மட்டும் இறங்க விட வேண்டும், சுக்கினியையும் வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியையும் போட்டு வதக்க வேண்டும், காரட்டையும் பீன்ஸையும் பட்டாணியையும் கொதிக்கிற உப்புத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் பச்சை அப்படியே நிற்கும். இதையெல்லாம் முன்னாலேயே செய்து வைக்கலாம். பாஸ்தாவை மட்டும் முன்னால் போட முடியாது. சாம்பார் காத்திருக்கும், சோறு காத்திருக்கும், ரசம் காத்திருந்தால் இன்னும் நன்றாயிருக்கும். பாஸ்தா வெந்து பத்து நிமிஷம் ஆனால் பசை. ஆகவே அவர்கள் வந்து, உட்கார்ந்து, சாப்பிடலாம் என்று ஆனபிறகுதான் கட்டைப் பிரித்துத் தண்ணீரில் போட வேண்டும். இதை இப்போதுதான் யோசிக்கிறான்: எந்தச் சமையலில் முடிவைக் கடைசி நிமிஷத்துக்குத் தள்ளிப்போட இடம் இருக்கிறதோ அந்தச் சமையலையே அவன் கை தேர்ந்தெடுத்திருக்கிறது. வேண்டுமென்றா? உப்பை அள்ளினான், போடாமல் கையிலேயே வைத்திருந்தான். தமயந்திக்கு மேட்டுப்பாளையத்தில் தண்ணீர் பரிசோதிக்கிற கூடத்தில் வேலை. ஆழ்குழாய்க் கிணறு போடுகிறவர்கள், சாயப்பட்டறைக்காரர்கள் எல்லாம் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்கள், அவள் அதில் எவ்வளவு உப்பு, எவ்வளவு சுண்ணாம்பு என்று சொல்வாள். "ருசி பாக்கவே மாட்டோம், பாக்கக் கூடாது" என்று முதல் சந்திப்பில் சொன்னாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு பேக்கரி, தேங்காய் பன் வாங்கி இரண்டு பேரும் தொடாமல் வைத்திருந்தார்கள். அக்காவின் நாத்தனார் வழியாக வந்த பேச்சு, போட்டோ பார்த்து, ஃபோன் செய்து, சந்தித்து. இவன் லாராவைப் பற்றிச் சொன்னான், எட்டு வருஷம் ஒன்றாக இருந்ததையும், அவள் ஒரு நாள் அலமாரியைக் காலி செய்துகொண்டு போனதையும். தமயந்தி தன்னுடையதைச் சொன்னாள். பிலாயில் நடந்த கல்யாணம், மூன்று வருஷம், பிறகு கோர்ட்டு. அதைச் சொல்லும்போது கோபமாகச் சொல்லவில்லை, பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிற மாதிரி சொன்னாள்: "அந்தத் தடவை என்னை யாரும் கேக்கலைங்க. நானும் யாரும் கேக்கலையேன்னு கேக்கலை. பத்திரிகை வந்தப்பறம்தான் எழுத்துப் பிழை இருக்கான்னு படிச்சுப் பாத்தேன்." பிறகு பன்னைப் பிய்த்துத் தின்றாள். நாற்பத்து நான்கு வயது, முன்நெற்றியில் ஒரு கொத்து நரை, சாயம் அடிக்கவில்லை. அவள் பன் தின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவனுக்குள் என்னவோ ஒன்று நிம்மதியாகக் காலை நீட்டி உட்கார்ந்தது. இத்தனை வயதுக்குமேல் அப்படி ஆகும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. வேண்டும் என்று இருந்தது. இப்போதும் வேண்டும் என்றுதான் இருக்கிறது, அதில் குழப்பமே இல்லை. குழப்பமெல்லாம், இந்தச் சாப்பாட்டைச் சாக்காக வைத்து, அவளுக்கே தெரியாமல் அவள் சம்மதத்தை வாங்கிவிட்டால் என்ன செய்வது என்பதில்தான். பெரியப்பா போய் ஊரில் சொல்லிவிடுவார், கை நனைச்சாச்சு என்று. இன்னொரு தடவையும் அவளை யாரும் கேட்காமலே எல்லாம் முடிந்துவிடும், இந்தத் தடவை அதைச் செய்தது இவன் என்று ஆகும். அப்படிக் கிடைத்தால் கிடைத்தது என்று இருந்துவிடலாமே என்று ஒரு பக்கம் மனசு சொல்லிப் பார்த்தது, அது எவ்வளவு தூரம் போகிறது என்று அவனே வேடிக்கை பார்த்தான், கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது.

உப்பைப் போட்டான். தண்ணீர் ஒரு நொடி பொங்கி அடங்கியது. காய்களை அதில் முக்கியெடுத்து, குளிர்ந்த தண்ணீரில் போட்டு, சல்லடையில் வடிய விட்டான். இன்னொன்றும் இருக்கிறது. சாப்பிடுகிறவர் சம்மதம் சொல்கிறார், சரி. பரிமாறுகிறவர்? அந்தப் பணியாரக்காரி மாவு கரைத்தபோதே, அவள் வீட்டில் சம்மதம் ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏன் சுடுகிறாள்? எல்லோரும் சாப்பிடுகிறவர் கையையே பார்க்கிறார்கள், சமைக்கிறவர் கையை யாரும் பார்ப்பதில்லை. அதுதான் முதலில் நனைகிறது. காலையிலிருந்து காய் கழுவிக் கழுவி அவன் விரல் நுனியெல்லாம் சுருங்கிப் போயிருந்தது. அதை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கேட்டில் கார் வந்து நின்றது, சொன்ன நேரத்துக்கு நல்லா முன்னாலேயே.

பெரியப்பா உயரமான மனுஷர், வெள்ளை வேட்டி, மலைக்கென்று மேலே ஒரு ஸ்வெட்டர், செருப்பை வாசலில் கழற்றி ஓரமாக ஒழுங்காக வைத்தார். "வாங்க வாங்க" என்றான். "இருக்கட்டுமுங்க" என்று உட்கார்ந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார், மோட்டைப் பார்த்தார், "மழைக்கு ஒழுகுதுங்களா?" என்று கேட்டார். இல்லை என்றான். தமயந்தி பின்னால் வந்தாள், இலைப்பச்சையில் பருத்திப் புடவை, கையில் ஒரு பை, அதில் வாழைப்பழமும் வெற்றிலையும் இருந்தது, அதை மேஜையில் வைத்துவிட்டு, "ரோட்டுல மொத்தம் கொண்டை ஊசி வளைவுதான், பெரியப்பா கண்ண மூடிட்டே வந்தார்" என்றாள். "நான் எங்க மூடுனேன், தூக்கம்" என்றார் அவர். இவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான், இரண்டு பேரும் குடித்தார்கள். "சாப்பாடு கொஞ்ச நேரத்துல ஆயிருமுங்க" என்று சொல்லி வாயை மூடவில்லை, பெரியப்பா கையைத் தூக்கினார். "ஐயோ, எங்களுக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. மேட்டுப்பாளையத்துலயே டிபன் சாப்புட்டுட்டுத்தான் கெளம்புனோம். வவுறு ஃபுல்லு. ஒரு காப்பி மட்டும் குடுங்க, சக்கரை கம்மியா." சொல்லிவிட்டுத் தமயந்தியைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள். இவனுக்குப் புரிந்தது. அந்த வாக்கியத்தில் பசியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மரியாதையான வாக்கியம், இன்னும் பேசி முடியவில்லை என்று சொல்கிற வாக்கியம், அக்கா இங்கே இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். வருத்தமாக இருக்கும் என்று பார்த்தால் இல்லை, எவ்வளவு நேர்த்தியாகச் சொல்லிவிட்டார் என்று ஆச்சரியமாக இருந்தது. சமையலறைக்குப் போனான். தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது, மூடியை எடுத்ததும் ஆவி மூக்குக்கண்ணாடியில் படிந்தது, எதிரே ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டபோது அவள் கதவருகில் நின்றிருந்தாள்.

"இதுல எவ்வளவு உப்புப் போட்டீங்க?" என்று கேட்டாள்.

"ஒரு கை."

"ஒரு கைன்னா?" அவன் கையைக் காட்டினான். அவள் கையைப் பார்த்தாள், பாத்திரத்தைப் பார்த்தாள், எதையோ மனசில் வகுத்தாள். "எங்க லேபுக்கு இந்தத் தண்ணி வந்தா குடிக்க லாயக்கில்லைன்னு எழுதிருவேன்" என்றாள். பிறகு சல்லடையில் பச்சையாய் நனைந்து கிடந்த பீன்ஸையும் பட்டாணியையும் குனிந்து பார்த்தாள். "இது எப்படி இவ்வளவு பச்சையா இருக்கு?" கொதிக்கிற தண்ணீரையும் குளிர்ந்த தண்ணீரையும் பற்றிச் சொன்னான். பாஸ்தா வெந்த தண்ணீரைக் கொட்டக் கூடாது, கொஞ்சம் எடுத்து வைத்துக் கடைசியில் விட்டுப் புரட்டினால்தான் காயும் எண்ணெயும் ஒன்றோடொன்று சேரும் என்றும் சொன்னான். "வடிச்ச கஞ்சி மாதிரி" என்றாள். "ஆமா, அதேதான்." "இந்தக் கட்டைப் பாத்தா பெரியப்பா சந்தவை, இடியாப்பம்னுதான் சொல்லுவார். எப்பப் போடுவீங்க?" "நீங்க சாப்பிடறீங்கன்னா போடுவேன்."

அவள் கொதிக்கிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தத் தடவை குக்கர் எதுவும் இல்லை. "பெரியப்பா பல்லடத்துல இருந்து வந்ததுல இருந்து சொல்லிட்டிருக்கார், அங்க கை நனைச்சுராதே, நனைச்சுராதேன்னு. எனக்கு நேத்து ராத்திரி வரைக்கும் அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது. நீங்க தெரிஞ்சுதான் கூப்பிட்டீங்களா?"

"சின்ன வயசுல தெரியும். கூப்பிட்டப்ப ஞாபகம் இல்லை."

"அப்ப எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"ரெண்டும் குழையாம எப்படின்னு கேட்டீங்களே."

அவள் சிரித்தாள், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, கூடத்துக்குக் கேட்காமல். "காலையில இருந்து நான் ஒண்ணும் சாப்பிடலை" என்றாள் பிறகு. "டிபன் எல்லாம் சும்மா. பெரியப்பாவும் சாப்பிடலை. ரெண்டு பேருக்கும் பசி. ஃபோர்க்கு வெச்சுச் சாப்பிட்டா கை நனையாதுன்னு வர்ற வழியில சொல்லிப் பாத்தேன், அவர் சிரிக்கலை." ஒரு பட்டாணியை எடுத்து விரலில் உருட்டினாள், வாயில் போடவில்லை. "எனக்குப் பசிக்குதுன்னா பசிக்குதுன்னு மட்டும்தாங்க அர்த்தம். மிச்சதுக்கு நான் இன்னும் யோசிச்சு முடிக்கலை. யோசிச்சுட்டுத்தான் இருக்கேன். அதுக்குள்ள சாப்பிட்டுட்டா யோசிச்சு முடிச்சதா ஆயிருமாமே." குரலில் பயமில்லை, ஆனால் பட்டாணியை உருட்டிக்கொண்டே இருந்தாள். "என்ன பண்ணலாம், சொல்லுங்க? உங்க தண்ணி வேற வத்திட்டிருக்கு."

"தமயந்தி, காப்பி ஆச்சா கண்ணு? மேகம் எறங்குது பாரு" என்று கூடத்திலிருந்து பெரியப்பா கூப்பிட்டார். "ஆயிட்டிருக்குங்க பெரியப்பா" என்றாள் அவள், அடுப்பில் காப்பிக்கான அறிகுறியே இல்லை. அவன் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கொதிக்கிற தண்ணீரை உற்றுப் பார்த்தால் குமிழி ஒரே இடத்திலிருந்து கிளம்புவதில்லை, ஒவ்வொரு தடவையும் வேறு இடத்திலிருந்து, ஏன் அங்கேயிருந்து என்று யாராலும் சொல்ல முடியாது. அவளைக் கேட்டால் ஏதாவது சொல்வாளோ என்னவோ, பிறகு கேட்க வேண்டும், கேட்பதற்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது. காப்பி மட்டும் கொடுத்து அனுப்பினால் எல்லோருக்கும் பத்திரம், அக்காவுக்கும் பெரியப்பாவுக்கும். பசித்த ஒருத்தி பசியோடு அந்தக் கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கிப் போவாள், அவ்வளவுதான். சாப்பாட்டைப் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி இருந்தால், சுமை மொத்தமும் அவள் தட்டில் போய் விழும். யாராவது ஒருவர் கட்டுப்பட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், ஏன் அது சாப்பிடுகிறவராகவே இருக்க வேண்டும்? "ஒரு நிமிஷம், தண்ணிய மட்டும் பாத்துக்குங்க" என்று அவளிடம் சொன்னான், கையைத் துடைக்காமலேயே வெளியே வந்தான்.

கூடத்தில் பெரியப்பாவுக்கு எதிரே நின்று, தன் பக்கம் முழுச் சம்மதம் என்றும், தமயந்தி இன்றைக்கு இங்கே சாப்பிடுவது அவள் சம்மதம் ஆகாது, அவள் எப்போது வாயால் சொல்கிறாளோ, எப்படிச் சொல்கிறாளோ, அதுவே பேச்சு என்றும் சொல்லிவிட்டு, செங்கோட்டுவேல் திரும்ப வந்து மூன்று பேருக்கான பாஸ்தாவையும் தண்ணீரில் போட்டான்.